குலதெய்வத்தின் பெயர் என்ன?

“அடைக்கலங்காத்த அய்யனாருங்க” என்றார் அவர். குரலில் சந்தேகமே இல்லை. பள்ளிக்கூடத்தில் அப்பா பெயரைக் கேட்டால் பிள்ளைகள் சொல்வதைப் போலச் சொன்னார். நான் அதைக் கணினியில் தட்டி அனுப்பினேன். விடை பொருந்தவில்லை, இன்னும் இரண்டு வாய்ப்புகள் உள்ளன என்று சிவப்பு எழுத்தில் வந்தது. அதை அப்படியே அவரிடம் சொன்னேன்.  எதிர்முனையில் எங்கோ ஓர் ஆடு கத்தியது. பிறகு, “அது எப்புடித் தாயி தப்பாகும்? ஏழு தலமொறையா எங்களுக்கு அந்தச் சாமிதானே” என்றார்.

அவர் பெயர் ஆத்மநாதன். அறந்தாங்கிப் பக்கம் ஒரு கிராமத்தில் விவசாயம் செய்கிறவர். மகள் இலக்கியாவுக்கு ஆவணி பன்னிரண்டாம் தேதி கல்யாணம் வைத்திருந்தார்கள். ஆடி கடைசியில் மூன்று நாள் காய்ச்சலில் அந்தப் பெண் இறந்துவிட்டாள். இதைச் சொல்லி முடிக்க அவருக்கு ஐந்து நிமிடம் ஆனது. எனக்கு எழுத இரண்டு வரி போதுமாக இருக்கிறது. அதில் எனக்கே என் மேல் கொஞ்சம் எரிச்சல்தான்.

நான் வேலை பார்ப்பது திருக்கோகர்ணத்தில் ஒரு மருந்துக்கடைக்கு மேலே இருக்கும் மாடி அறையில். கல்யாண வேலைகளை இணையத்தில் செய்து தரும் ஒரு கம்பெனியின் கிளை அது. மண்டபம், சமையல், பந்தல், பத்திரிகை எல்லாம் ஒரே இடத்தில். தலைமை அலுவலகம் சென்னையில். இங்கே நாங்கள் ஒன்பது பெண்கள், எங்களுக்கு மேலே வசந்த் என்று ஒரு பையன். பையன் என்று சொல்லக் கூடாது, சூப்பர்வைசர். கடவுச்சொல்லை மறந்தவர்கள், போனைத் தொலைத்தவர்கள் கூப்பிட்டால் அவர்கள் உண்மையான ஆள்தானா என்று சோதித்துப் பார்த்துக் கதவைத் திறந்துவிடுவது என் வேலை. சுருக்கமாகச் சொன்னால் காவல்காரி.

புதுக்கோட்டையில் கல்யாணத் தகவலைக் காப்பாற்றுவது லேசான காரியம் இல்லை. டவுன் பஸ்ஸில் பக்கத்தில் உட்காரும் அம்மாள், நான் எங்கே வேலை பார்க்கிறேன் என்று தெரிந்த அடுத்த நிமிடமே, “நம்ம தெருக் கடைசி வீட்டுப் புள்ளைக்கு முடிவாயிருச்சாமே, எந்த மண்டபம்?” என்பாள். எனக்குத் தெரியாது என்றால் நம்ப மாட்டாள். என் அம்மாவே நம்புவதில்லை. ஆனால் உண்மையாகவே எனக்குத் தெரியாது. திரையில் விருந்தினர் பட்டியல் வரும், போன் எண்களில் கடைசி இரண்டு எண்களைத் தவிர மற்றதெல்லாம் நட்சத்திரம். பெயர்கள் தெரியாது. படங்கள் தெரியாது. குரல் அழைப்பு என்று ஒன்று உண்டு. மணப்பெண்ணோ மாப்பிள்ளையோ தங்கள் குரலில் பேசிப் பதிந்து வைத்தால், பட்டியலில் இருக்கும் அத்தனை பேருக்கும் போன் போய் அந்தக் குரலே வீட்டுக்கு வந்து அழைக்கும். கேட்டவர்கள் வருவதாக இருந்தால் ஒன்றை அழுத்த வேண்டும், முடியாது என்றால் இரண்டு, திரும்பக் கேட்க ஒன்பது. அந்தக் குரலையும் நாங்கள் கேட்க முடியாது. எத்தனை வினாடி ஓடியது, யார் எந்த எண்ணை அழுத்தினார்கள், அவ்வளவுதான் எங்கள் கண்ணுக்கு. கல்யாணம் முடிந்து முப்பதாம் நாள் எல்லாமே அழிந்துவிடும். “ஒங்க தகவல் ஒண்ணுகூட எங்ககிட்டத் தங்காதுங்க” என்று தினமும் நாற்பது பேரிடமாவது சொல்லியிருப்பேன். பெருமையாகத்தான் சொல்வேன்.

ஆத்மநாதனுக்கு வேண்டியது மகளின் அந்தக் குரல்.

“பம்புசெட்டு ரூமுக்குள்ள போயி ஒக்காந்துக்கிட்டுப் பேசுச்சு தாயி. வீட்டுல ஆடு மாடு சத்தம், டிவி சத்தம்னு. மோட்டார நிப்பாட்டுங்கப்பான்னுச்சு. நான் நிப்பாட்டிட்டு வரப்புல நின்னேன். என்ன பேசுனேன்னு கேட்டதுக்குச் சொல்லல. ஆடி போகட்டும், ஆவணி ஒண்ணாந்தேதி மொத போனு ஒங்களுக்குத்தாம்ப்பா வரும், அப்பக் கேளுங்கன்னுச்சு.”

ஆடியில் பத்திரிகை கொடுக்க மாட்டார்கள். அதனால் அந்த அழைப்பு யாருக்கும் போகவில்லை. அனுப்பும் முன் உரிமையாளர் ஒருமுறை சரி என்று அழுத்த வேண்டும். அழுத்த அவள் இல்லை. அவளுடைய போன், ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடிய அவசரத்தில் எங்கேயோ விழுந்து போயிருக்கிறது. அந்த எண்ணுக்குத்தான் எங்கள் ரகசிய எண் போகும். இனி போய்ப் பயனில்லை. வாரிசு என்று விண்ணப்பித்து இறப்புச் சான்றிதழைச் சென்னைக்கு அனுப்பினால் குறைந்தது பதினைந்து நாள். நான் தேதியைப் பார்த்தேன். கல்யாண நாள் போய் இருபத்தேழு நாள் ஆகியிருந்தது. திரையின் மூலையில் ‘அழிய மீதி: 3 நாள்’ என்று இருந்தது.

மிச்சம் இருந்த ஒரே வழி பாதுகாப்புக் கேள்வி. மூன்று முறை தவறினால் ஏழு நாளைக்குப் பூட்டிக்கொள்ளும்.

அந்தக் கேள்வி என்னால் வந்தது. சென்னையிலிருந்து அனுப்பிய கேள்விகள், உங்கள் முதல் செல்லப்பிராணியின் பெயர் என்ன, உங்களுக்குப் பிடித்த விடுமுறை இடம் எது என்ற தினுசில் இருந்தன. ஒரு பெரியவர் என்னிடம், “எங்க வீட்டு மாட்டுக்கு மாடுன்னுதாம்மா பேரு” என்றார். ஒரு கூட்டத்தில் நான் எழுந்து, குலதெய்வத்தின் பெயரைக் கேட்கலாம், அதை யாரும் மறக்க மாட்டார்கள் என்றேன். கைதட்டினார்கள். எனக்கு ஒரு காபிக் கோப்பைகூடப் பரிசாக வந்தது. குலதெய்வத்தைச் சொந்தக்காரர் மறக்காதது போலவே பங்காளிகள் அத்தனை பேரும் மறக்க மாட்டார்கள் என்பது எங்கள் யாருக்கும் உறைக்கவில்லை. போன தை மாதம் ஒரு பெண்ணின் பெரியப்பா மகன் அந்த விடையைச் சொல்லி உள்ளே நுழைந்து, மண்டபத்தையும் நாளையும் தெரிந்துகொண்டு, வேண்டாதவர்களோடு போய் இறங்கிவிட்டான். மணமேடையிலிருந்து அந்தப் பெண் எழுந்து ஓடியதாகக் கேள்விப்பட்டேன். கேள்வியை மாற்றுகிறோம் என்றார்கள், இன்றுவரை மாற்றவில்லை. ஆனால் எங்களுக்கு ஒரு கட்டளை வந்தது. விடையைப் பற்றி ஒரு சொல் குறிப்புக் கொடுத்தாலும் வேலை போய்விடும். அழுகிறவர்களை எல்லாம் நம்பாதே என்பதும் அதில் இருந்தது. அதைத் தப்பென்று நான் சொல்ல மாட்டேன். எழுந்து ஓடிய அந்தப் பெண்ணும் என் கணக்கில்தான் சேர்த்தி.

“எழுத்துல தப்பா இருக்குமா தாயி?” என்றார் ஆத்மநாதன். “அய்யனாருக்கு ரெண்டு எழுத்து உண்டுல்ல? பத்திரிகைக்காரன் எப்பவும் கேப்பான். அது படிச்ச புள்ள, ஐயன்னா போட்டிருக்கும்.”

அப்படியும் இருக்கலாம் என்று எனக்கும் பட்டது. ஐகாரம் போட்டுத் தட்டினேன். பொருந்தவில்லை. இன்னும் ஒரு வாய்ப்பு.

அப்போதுதான் கணக்கின் ஓரத்தை ஒழுங்காகப் பார்த்தேன். பதிவு செய்த நாள், ஆனி மாதத்துத் தேதி. பதிவுக்கு உதவியவர்: வனிதா. நான்தான். ஒரு நாளைக்கு அறுபது பேரிடம் பேசுகிறவளுக்கு எந்தக் குரல் நினைவிருக்கும்? ஆனால் அந்த ஒரு பெண் கேட்ட கேள்வி எனக்கு மறக்கவில்லை. “அக்கா, கொலதெய்வம்னு கேக்குதே, எதப் போடுறது? பொறந்த வீட்டுச் சாமியா, போற வீட்டுச் சாமியா?” என்றாள். இதை எங்கள் கூட்டத்தில் யாருமே யோசிக்கவில்லை, நான் உட்பட. நான் யோசித்திருக்க வேண்டும். வாழ்க்கைப்பட்ட வீட்டை விட்டு வந்து எட்டு வருடம் ஆகிறது எனக்கு. அவர்கள் சாமிக்குப் பொங்கல் வைக்க என்னை யாரும் கூப்பிடுவதில்லை. இங்கே அண்ணன் பொங்கல் வைக்கும்போது, நீ வேறு வீட்டுப் பிள்ளை, ஓரமாக நில் என்கிறார்கள். எனக்கு எந்தச் சாமி என்று என்னைக் கேட்டால் மூன்று வாய்ப்பிலும் தோற்றுவிடுவேன். அன்று அவளிடம், “ஒனக்கு எது தோணுதோ அதப் போடும்மா, எங்கிட்டச் சொல்லக் கூடாது” என்றேன். அவள் சிரித்தாள். “பாக்கு வெத்தல மாத்துன அன்னைக்கே எங்கப்பா சொல்லிட்டாருக்கா, இனிமே ஒனக்கு அந்த வீட்டுச் சாமிதான்னு. அப்ப அதான்” என்று தட்டினாள். எதைத் தட்டினாள் என்று எனக்குத் தெரியாது. ஆனால் எதைத் தட்டவில்லை என்று தெரியும்.

“தாயி, இருக்கீகளா?”

“இருக்கேங்கய்யா.”

“இன்னொருக்கா அதையே போட்டுப் பாருங்க. மிசினு சமயத்துல தப்பாச் சொல்லும்.”

அவர் சொன்னதைத் தட்டுவது மட்டும்தான் என் வேலை. தட்டியிருந்தால் யாரும் என்னை ஒன்றும் சொல்ல முடியாது. பூட்டிக்கொண்டிருக்கும். மூன்று நாளில் பம்புசெட்டு அறையில் அந்தப் பெண் பேசியது யார் காதுக்கும் போகாமல் இல்லாமலே ஆகியிருக்கும். இந்த ஆள் நிஜமாகவே அவளுடைய அப்பாதான் என்று எனக்கு எப்படித் தெரியும்? தெரியாது. மோட்டாரை நிறுத்திவிட்டு வரப்பில் நின்றேன் என்று சொன்னாரே, அதை யாரும் இட்டுக்கட்ட முடியாது என்று நினைத்தேன். அவ்வளவுதான் என்னிடம் இருந்த சான்று. கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் வசந்த் காதில் கருவியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவன் யாருடைய பேச்சையும் எப்போது வேண்டுமானாலும் கேட்கலாம். இப்போது என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

“அய்யா,” என்றேன்.  “வெத்தல மாத்துன அன்னைக்கி நீங்க ஒங்க மகளுக்கு ஒண்ணு சொன்னீங்கள்ல, நெனவிருக்கா?”

சொல்லிவிட்டேன். எல்லாப் பேச்சும் பதிவாகும், இதுவும் பதிவாகியிருக்கும். வசந்த் நிமிர்ந்து உட்கார்ந்தான். எழுந்து வருவான் என்று நினைத்தேன், வரவில்லை.

  ஆத்மநாதனுக்குப் பக்கத்தில் ஒரு பெண் குரல், “என்னங்க சொல்றாக?” என்றது. அவர் பேச்சில் வந்த மனைவி சொர்ணவல்லியாக இருக்கும். 

“சும்மா கேலிக்கித்தான் தாயி சொன்னேன்” என்றார் ஆத்மநாதன். “அது கண்ணு கலங்கி நின்னுச்சு. சிரிக்க வெக்கலாம்னு, இனிமே எங்க சாமிக்கி ஒன்னத் தெரியாது, போயி அந்தச் சாமியக் கும்புட்டுக்கன்னேன். சிரிச்சுச்சு. அத நெசம்னு எடுத்துக்கிருச்சா?”

நான் காதுக் கருவியை இன்னும் அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.

“கன்னியாத்தான தாயி போச்சு. வர்ற தையில எங்க வீட்டுச் சாமியாத்தான் நாங்க அதுக்குச் சீல வெச்சுக் கும்புடப் போறோம். சீல வெக்கப் பொட்டியெல்லாம் வாங்கியாச்சு. அது மனசுல எங்க வீட்ட விட்டு அப்பவே போயிருச்சுன்னா, நான் யாருக்குச் சீல வெக்கிறது?”

அவர் அழுதார். பெரியவர்கள் போனில் அழுவதைக் கேட்க எங்களுக்குப் பயிற்சி தந்திருக்கிறார்கள், ‘தயவுசெய்து காத்திருங்கள்’ என்று சொல்லி இசையைப் போட்டுவிட வேண்டும். நான் போடவில்லை. கேட்டுக்கொண்டே இருந்தேன். எனக்கும் கண் நிறைந்துவிட்டது, முந்தானையால் துடைத்துக்கொண்டேன். பிறகு அவராகவே தொண்டையைச் சரிசெய்துகொண்டு, “அவுக சாமி பட்டவன்” என்றார்.

நான் விசைப்பலகையில் கை வைத்தேன். பட்டவன். வெட்டுப்பட்டோ அடிபட்டோ உயிரை விட்ட ஒருவரைக் கல் நட்டுக் கும்பிடுவார்கள், இந்தப் பக்கத்தில் ஊருக்கு ஒரு பட்டவன் உண்டு. பட்டவன் கோயில் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். ப, ட், ட, வ என்று தட்டிவிட்டு நின்றுவிட்டேன். கடைசி வாய்ப்பு. ஐயன்னாவுக்கும் அய்யன்னாவுக்கும் நடந்தது போல ஆகிவிடக் கூடாது.

“அய்யா, பட்டவன்னுதான் போட்டிருப்பாங்களா? ஒங்க மக அந்தச் சாமிய எப்படிச் சொல்லுவாங்க?”

அவர் யோசித்தார். போனைப் பொத்திக்கொண்டு சொர்ணவல்லியிடம் ஏதோ கேட்டார். பிறகு அவர் குரலில் ஒரு சின்ன மாற்றம் வந்தது. அதைப் பெருமை என்றுதான் சொல்ல வேண்டும்.

“அது யாரையும் மருவாதியில்லாமப் பேசாது தாயி. பால் ஊத்துற பயலக்கூட வாங்க போங்கன்னுதான் சொல்லும். போற வீட்டுச் சாமிய ‘அவன்’னு சொல்லாது. பட்டவருன்னுதான் சொல்லும். எழுதுனா பட்டவர்னு எழுதும்.”

பட்டவர் என்று தட்டி அனுப்பினேன். திரை ஒரு நொடி வெள்ளையாக நின்றது. பிறகு பச்சை எழுத்தில், ‘வணக்கம் இலக்கியா’ என்று வந்தது.

“தெறந்துருச்சுங்கய்யா” என்றேன்.  “தெறந்துருச்சாம்” என்று அவர் மனைவியிடம் சொல்வது கேட்டது.

அந்தக் குரலை இறக்கி வைத்துக்கொள்ள ஒரு பெரிய போன் வேண்டும். அவரிடம் இருந்தது பட்டன் போன். காலையில் முதல் பஸ்ஸில் அறந்தாங்கிக்குப் போய் ஒரு கடையில் இறக்கிக்கொள்கிறேன் என்றார். புதிய கடவுச்சொல்லை எப்படி வைப்பது என்று சொல்லிக் கொடுத்தேன். இரண்டு முறை திருப்பிச் சொன்னார். பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டார். “இப்ப ஒரே ஒரு தடவ கேக்க முடியாதா தாயி?”

வழி இருந்தது. எல்லோருக்கும் அனுப்பும் முன், ஒத்திகை அழைப்பு என்று ஒன்று செய்யலாம். பட்டியலில் முதலில் இருக்கும் எண்ணுக்கு மட்டும் அது போகும். நான் பட்டியலைத் திறந்தேன். இருநூற்றுப் பதினாலு பேர், வரிவரியாக நட்சத்திரங்கள். முதல் வரியின் கடைசி இரண்டு எண்கள் நான்கு, ஏழு.

“ஒங்க நம்பரு கடைசி ரெண்டு என்னங்கய்யா?”

“நாப்பத்தேழு.”

முதல் பத்திரிகையைக் குலதெய்வத்தின் முன்னால் வைத்துவிட்டுத்தான் மனிதர்களுக்குக் கொடுப்பது எங்கள் பக்கத்து வழக்கம். இந்தப் பட்டியலை நிரப்புகிறவர்களில் பலரும் எங்களிடம் சொல்லிவிட்டே முதல் வரியில் சாமியின் பெயரை எழுதி, போன் எண்ணுக்கு ஏதாவது ஒன்றைப் போட்டுவைப்பார்கள். மணி அடித்து யாரும் எடுக்கவில்லை என்று எங்களுக்குத் தகவல் வரும். நாங்கள் சிரித்துக்கொள்வோம். அவள் அந்த இடத்தில் பட்டவரையும் எழுதவில்லை, அய்யனாரையும் எழுதவில்லை.

“அய்யா, மொத வரி சாமிக்கு விடுற எடம்” என்றேன். “ஒங்க மக அதுல ஒங்களப் போட்டிருக்காங்க.”

அவருக்குப் புரிந்ததா என்று தெரியவில்லை. “ம்” என்றார். 

“இப்ப போனை வெச்சிருங்க. ஒரு நிமிசத்துல வேற ஒரு கால் வரும். எடுங்க. முடிஞ்சதும் திரும்பக் கேக்கணும்னா ஒம்பது அமுக்குங்க.”

“நீங்களும் கேப்பீகளா தாயி?”

“இல்லங்கய்யா. எங்களுக்குக் கேக்காது. ஒங்களுக்கு மட்டுந்தான்.”

அவர் வைத்துவிட்டார். நான் ஒத்திகை என்ற பொத்தானை அழுத்தினேன். மணி அடிக்கிறது என்று வந்தது. எடுத்துவிட்டார் என்று வந்தது. வினாடிகள் ஓடத் தொடங்கின. ஐம்பத்திரண்டு வினாடி. அதில் அவள் என்ன சொன்னாளோ, அப்பா என்று கூப்பிட்டாளோ, எல்லோருக்கும் பொதுவாக அழைத்தாளோ, நடுவில் சிரித்தாளோ, எனக்குத் தெரியாது. தெரியக் கூடாது என்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். கீழே மருந்துக்கடையில் யாரோ சில்லறைக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். பஸ் ஒன்று ஒலி எழுப்பிக்கொண்டு போனது.

ஒன்பது. மறுபடியும் ஐம்பத்திரண்டு வினாடி. ஒன்பது. ஒன்பது. நான் அடுத்த அழைப்பை எடுக்கவில்லை. என் மேஜையின் சிவப்பு விளக்கு மினுங்கிக்கொண்டே இருந்தது. வசந்த் வந்து என் பின்னால் நின்றான். காதிலிருந்த கருவி கழுத்தில் தொங்கியது. திட்டுவான் என்று காத்திருந்தேன். அவன் கையை நீட்டி, மினுங்கிய அழைப்பைத் தன் மேஜைக்கு மாற்றிக்கொண்டு, “நாளைக்கு வெளக்கம் எழுதிக் குடுங்க, பாத்துக்கலாம்” என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனான். அந்த விளக்கத்தில் என்ன எழுத வேண்டியிருக்கும் என்று அப்போது நான் யோசிக்கவில்லை.

பதினோராவது முறை ஐம்பத்திரண்டு வினாடி முடிந்தது. ஒன்பது வரவில்லை. வைத்துவிட்டார் என்று நினைத்தேன். அழைப்பு துண்டிக்கப்படவில்லை. வினாடிகள் சும்மா ஓடிக்கொண்டிருந்தன. அந்தப் பக்கம் அவர் போனைக் காதிலிருந்து எடுத்துக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். பக்கத்தில் சொர்ணவல்லி இருக்க வேண்டும்.

பிறகு முதல் வரி மாறியது. ஒன்று அழுத்தப்பட்டிருந்தது. எத்தனை பேர் வருவீர்கள் என்று இயந்திரம் கேட்டிருக்கும்.

இருநூற்றுப் பதிமூன்று வரிகள் வெறுமையாக இருந்தன. அவற்றுக்கு மேலே, நட்சத்திரங்கள், நான்கு, ஏழு, அதற்கு நேராகப் பச்சையில்: ‘வருகிறார்கள். 2 பேர்.’